வலியுள்ள வீட்டில் யார் கூற்று?

கோலார் தங்கவயலின் லைன் வீடுகளில் வலியை விசாரிக்கும் கேள்வி ஒன்றே: "இன்னா பண்ணுது?" வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்தவர்கள் தங்களோடு கொண்டுவந்த பேச்சு அது. நீ எப்படி இருக்கிறாய் என்று அது கேட்கவில்லை. அது உன்னை என்ன செய்கிறது என்று கேட்கிறது. பதிலும் அந்த வழியிலேயே வரும்: "இடுப்பு நோவுது", "ஒரு மாரியா இருக்குது". வலியோ வலிக்கும் உறுப்போதான் எழுவாய். மனிதர் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறார். கடைசியில் எல்லாவற்றையும் மூடும் அந்த ஒற்றைச் சொல் வரும்: "முடியல". அது உடலைச் சொல்கிறதா, மனத்தையா, மொத்த வாழ்க்கையையா என்பதைக் கேட்பவர்தான் பிரித்தறிய வேண்டும்.

இந்த இலக்கணக் குறிப்போடு தொடங்கக் காரணம் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறது மருத்துவம். அப்படியொரு வலி கணவன் மனைவியரில் ஒருவரைப் பிடித்துக்கொண்டால் இருவரும் தம் உணர்ச்சிகளை எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், பேசினால் வலி கூடுமா, தணியுமா? இக்கேள்வியில் வலி ஆய்வுத்துறை அரை நூற்றாண்டாக இரண்டு கட்சியாக நிற்கிறது. இரண்டிலும் தேர்ந்த மூளைகள் உழைத்திருக்கின்றன. இரண்டும் தாம் பார்த்த வீட்டையே எல்லார் வீடும் என்று கொண்டுவிட்டன. அவற்றை ஒரு லைன் வீட்டின் சின்ன அறைக்குள் அழைத்துவந்தால் எது நிற்கும், எது தள்ளாடும் என்பதே இங்கு எடைபோடப்படுவது.

முதல் கட்சியின் மூலநூலை 1976ல் வெளியிட்டவர் வில்பர்ட் ஃபோர்டைஸ். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர். அவர் வாதம் எளிது. வலியை எவரும் பார்க்க முடியாது, வலிப்பவரின் நடத்தையைத்தான் பார்க்க முடியும்: முனகல், நொண்டல், முகச்சுளிப்பு, என்னால் ஆகாது என்ற பேச்சு. எந்த நடத்தையும் தன் விளைவுகளால்தான் வளரும் அல்லது தேயும். முனகும்போதெல்லாம் மனைவி ஓடிவந்து தோளைத் தடவினால் முனகல் வேர்விடும். ஆகவே வலிப்பேச்சுக்குச் செவி கொடுக்காதீர்கள், எழுந்து நடந்தால் பாராட்டுங்கள் என்பது அவர் வழி.

இக்கருதுகோளுக்குக் கிடைத்த மிகக் கச்சிதமான சோதனை, 1980ல் பிளாக், கிரெமர், கேலர் மூவரும் செய்தது. நோயாளிகளைத் தம் வலியின் அளவைச் சொல்லச் சொன்னார்கள். ஒருமுறை, ஒருவழிக் கண்ணாடிக்கு அப்பால் உங்கள் துணைவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றார்கள். இன்னொரு முறை, வார்டு எழுத்தர் பார்க்கிறார் என்றார்கள். பரிவான துணைவரை உடையவர்கள், துணைவர் பார்க்கிறார் என்றபோது வலியைக் கூட்டிச் சொன்னார்கள். பரிவற்ற துணைவரை உடையவர்கள் குறைத்துச் சொன்னார்கள். சோதனையின் வடிவத்தில் குறை காண்பது கடினம். அதிலிருந்து எடுத்த முடிவுதான் அவசரமானது. பரிவு வலியை வளர்க்கிறது என்று அதைப் படித்தார்கள். பரிவில்லாத வீட்டில் வலி வாயை மூடிக்கொள்கிறது என்றும் அதே எண்களைப் படிக்கலாம். எழுத்தர் முன் சொன்ன அளவு மெய்யா, மனைவி முன் சொன்னது மெய்யா என்பதற்கு அந்தச் சோதனைக்குள் விடை இல்லை.

ஆனாலும் ஃபோர்டைஸைக் கல்நெஞ்சர் என்று ஒதுக்குவது நேர்மையல்ல. வலி மனப்பிரமை என்று அவர் சொன்னதே இல்லை. உடல்வலி, மனவலி என்று பாகம் பிரிப்பதையும் ஏற்றதில்லை. அவருடைய மிகப் பெரிய பங்களிப்பு, பார்வைக்குச் சின்னதாகத் தெரியும் ஒரு விதி: மருந்தை வலி வரும்போது கொடுக்காதீர்கள், நேரப்படி கொடுங்கள். இந்த விதியின் கருணை பலருக்குப் புலப்படுவதில்லை. வலித்தால்தான் மாத்திரை என்றால், மாத்திரைக்காக ஒருவர் தினமும் தம் வலியை மெய்ப்பித்துக் காட்ட வேண்டும். எட்டு மணிக்கு மாத்திரை என்றால் கெஞ்சல் இல்லை, சந்தேகம் இல்லை, முனகலுக்கும் மாத்திரைக்கும் பேரம் இல்லை. பேச்சு மருந்தின் கூலியாக இருப்பதிலிருந்து விடுபடுகிறது. தம் விதி பேச்சுக்கு இப்படியொரு விடுதலை தரும் என்பதை ஃபோர்டைஸ் தம் கோட்பாட்டில் வளர்த்தெடுக்கவில்லை. அதை வளர்த்தெடுத்த வீடுகளைப் பிறகு பார்ப்போம்.

அவர் கோட்பாட்டின் முகம் முழுதாகத் தெரிந்தது 1995ல். உலக வலி ஆய்வுச் சங்கத்துக்காக அவர் பதிப்பித்த அறிக்கை, பணியிட முதுகுவலியைப் பற்றியது. காரணம் கண்டறிய முடியாத முதுகுவலிக்கான இழப்பீட்டைக் காலவரையறைக்குள் அடைக்க வேண்டும் என்றது அது. கடும் எதிர்ப்பு எழுந்தது; எழ வேண்டியதுதான். மனைவியின் கவனம் வலியை வளர்க்கிறது என்று தொடங்கிய தர்க்கம், முதலாளியின் பணமும் வலியை வளர்க்கிறது என்று முடிந்தது. தர்க்கத்தில் பிசகு இல்லை. முரணின்றி ஓடி ஒரு கோட்பாடு அநீதியில் போய் நின்றால், பிழை அது புறப்பட்ட இடத்தில் இருக்கிறது. சொல்பவரின் சொல்லைச் சாட்சியமாகக் கொள்ளாமல் நடத்தையாக மட்டும் கொண்டதே அந்தப் பிழை.

தங்கவயலுக்கு இந்த வாதம் அந்நியமல்ல. இந்தியாவில் சிலிக்கோசிஸ் முதன்முதலாகப் பதிவானது 1947ல், கோலார் தங்கச் சுரங்கங்களில் என்று மருத்துவப் பாடநூல்கள் இன்றும் கற்பிக்கின்றன. நுரையீரலில் படிந்த கல்தூசி எக்ஸ்ரேயில் தெரியும். முதுகின் நோவு பெரும்பாலும் எதிலும் தெரியாது. காட்ட முடியாத வலியைச் சொல்பவர் தம் சொல்லையே சாட்சியாக நிறுத்த வேண்டும். சொல்லோடு கூலி பிணைந்திருக்கும் எந்தத் தொழிலூரிலும் அந்தச் சொல் விலைபேசப்படும் பொருளாகிவிடுகிறது. வெளியே நம்பப்படாமல் பழகியவர் வீட்டுக்குள் வந்ததும் தாராளமாகப் பேசிவிடுவாரா? வலி என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று அதே உலகச் சங்கம் தன் வரையறைக் குறிப்பில் 2020ல் எழுதியது.

இடையில் அளவுகோல் ஒன்று வந்தது. கெர்ன்ஸ், டர்க், ரூடி மூவரும் 1985ல் அமைத்த வினாப்பட்டியல், துணைவரின் மறுவினையை மூன்று கட்டங்களில் அடைத்தது: தண்டிப்பது, பரிவு காட்டுவது, கவனத்தைத் திருப்புவது. கையாள எளிது, ஒப்பிட வசதி; அதனால் உலகெங்கும் பரவியது. துறைக்கு ஒரு பொதுமொழி கிடைத்தது என்பது அதன் நிறை. அந்தப் பொதுமொழியில் மூன்றே சொற்கள் இருந்தன என்பது அதன் குறை.

இரண்டாம் கட்சி வலுப்பெற்றது இந்தக் குறையிலிருந்துதான். டெட்ராய்டில் தம்பதிகளை ஆராய்ந்த ஆன்மேரி கானோவும் லண்டனைச் சேர்ந்த அமாண்டா வில்லியம்ஸும் 2010ல் எழுதிய கட்டுரை, கேள்வியைத் தலைகீழாக்கியது. வலிப்பேச்சு பரிசு தேடும் நடத்தை அல்ல, நெருக்கம் தேடும் வெளிப்பாடு என்றார்கள். வலிக்கிறது என்று சொல்பவர் பல நேரம் சொல்ல வருவது பயமாக இருக்கிறது, வெட்கமாக இருக்கிறது, உனக்குப் பாரமாகிவிட்டேன் என்பதைத்தான். அதைக் கேட்பவர் உள்ளபடி ஏற்றுக்கொண்டால் உணர்ச்சி தணிகிறது, உறவு இறுகுகிறது. இதன் சிறந்த கூறு, முதல் கட்சி குழப்பிவைத்த இரண்டைப் பிரித்துக் காட்டியது. தைலம் தேய்ப்பது வேறு, உனக்கு இது எவ்வளவு வேதனையாக இருக்கும் என்று ஒப்புக்கொள்வது வேறு. முன்னது உடலுக்குச் செய்யும் பணி, பின்னது ஆளுக்குத் தரும் ஏற்பு. பரிவு என்ற ஒரே கட்டத்தில் இரண்டையும் போட்டு எண்ணியதால்தான் பழைய முடிவுகள் இத்தனை மங்கலாக இருந்தன. ஸ்வீடனில் 2015ல் வெளிவந்த சிறிய ஆய்வொன்றில் துணைவர்களுக்கு ஏற்போடு கேட்பதில் சிறிது பயிற்சி தந்தார்கள். வலியுள்ளவரின் எதிர்மறை உணர்ச்சிகள் தணிந்தன. சிறிய ஆய்வு, எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். என்றாலும் கோட்பாடு காட்டிய திசையிலேயே அதன் விளைவும் நிற்கிறது.

குறைகளும் உண்டு. இந்த மரபின் பல ஆய்வுகள், சேர்ந்து நிற்பதைக் காரணம் என்று படிக்கும் ஆசையை முழுதாக அடக்கவில்லை. ஏற்றுக் கேட்பதால் மணவாழ்வு நன்றாக இருக்கிறதா, மணவாழ்வு நன்றாக இருப்பவர்கள் ஏற்றுக் கேட்கிறார்களா? ஆழமான குறை இன்னொன்று. இந்த மரபு ஆய்வு நடத்தும் களம், இரண்டு நாற்காலியும் ஒரு காமிராவும் உள்ள அறை. உணர்ச்சிக்கு வாயால் பெயர் சூட்டினால்தான் அது பேசப்பட்டதாகக் கணக்கு.

இங்கே தங்கவயலின் இன்னொரு வரலாறு எனக்கு உதவுகிறது. 1965ல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவி வைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை டாடா ஆராய்ச்சிக் கழகத்தார் இடம்பெற்ற கூட்டுக் குழு கண்டது. அவ்வளவு ஆழம் போனது இரைச்சலை வடிகட்டத்தான். மேலிருந்து பொழியும் மற்றத் துகள்களைப் பாறை தடுத்துவிடும். இரண்டு நாற்காலி அறையும் அதே நோக்கத்தில் கட்டப்பட்டதுதான்: பிள்ளைகள், அக்கம்பக்கம், அடுப்பு, மாமியார் எல்லாவற்றையும் வடிகட்டிவிட்டுக் கணவனையும் மனைவியையும் மட்டும் கேட்பது. நியூட்ரினோவுக்கு அது சரியான முறை. ஒரு லைன் வீட்டுத் தம்பதிக்கு அது தவறான முறை, ஏனென்றால் அங்கே வடிகட்டப்படுவதில் பாதி இரைச்சல் அல்ல, பேச்சு.

என் வீட்டை இங்கே கொண்டுவருகிறேன், நிரூபணமாக அல்ல, உரைகல்லாக. அப்பா ஜாக் ஹாமர் பிடித்துக் கல் துளைத்தவர். நாற்பது வயதுக்குப் பின் இடுப்பு நோவு அவரை விட்டதே இல்லை. இரவு எட்டரைக்கு, சாப்பாடு முடிந்து ஏனம் கழுவிக் கவிழ்த்த பிறகு, அம்மா இரும்புச் சட்டியில் கல்லுப்பு வறுப்பார். உப்பு படபடவென்று வெடிக்கத் தொடங்கியதும் பழைய வேட்டித் துணியில் கொட்டி முடிச்சுப் போடுவார். முழங்கையின் உட்புறத்தில் வைத்துச் சூடு பார்ப்பார். அப்பா குப்புறப் படுத்திருப்பார். அம்மா வலிக்குதா என்று கேட்டதில்லை. அப்பா வலிக்குது என்று சொல்லி வாங்கியதும் இல்லை. வலி குறைந்த நாளிலும் ஒத்தடம் உண்டு, கூடிய நாளிலும் அதே அளவுதான். ஃபோர்டைஸ் மருந்துச் சீட்டில் எழுதிய விதியை அவர் பெயரையே கேட்டிராத ஒரு வீடு நடத்திக்கொண்டிருந்தது. விதியின் பயனும் தெரிந்தது. கெஞ்ச வேண்டியிராததால் அந்த அரை மணி நேரம் மற்றப் பேச்சுக்குக் காலியாக இருந்தது. ரேஷன் அரிசி, ஆண்டர்சன்பேட்டை உறவுக்காரர் கல்யாணம், பள்ளிக்கூடச் சம்பளம். முகம் பார்க்காத பேச்சு. ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டு, இன்னொருவர் முதுகைப் பார்த்துக்கொண்டு.

ஒரு நாள் அப்பா கேட்டார்: "எம்மேல உனக்கு வெறுப்பா இல்லியா?" அம்மாவின் கை நின்றது. மூட்டையை எடுத்து வேறிடத்தில் வைத்தார். "சூடு போதுமாங்க?" என்றார்.

மூன்று அளவுகோலும் இந்த மறுமொழியில் தோற்பதைப் பாருங்கள். முதல் கட்சி இதைப் பாராட்டும்: புலம்பலுக்குப் பரிசு கொடுக்கவில்லை. மூன்று கட்டப் பட்டியல் இதைக் கவனந்திருப்பல் என்று குறிக்கும். இரண்டாம் கட்சி இதை ஏற்பு மறுத்தல் என்று குறிக்கும். மூன்றும் சொற்களைக் குறித்துக்கொண்டன. கை நின்றதை எதுவும் குறிக்கவில்லை. "போதுமாங்க" என்பதில் இருந்த "ங்க"வை எதுவும் கேட்கவில்லை. வழக்கமாக அம்மா ஒத்தடத்தின்போது அந்த மரியாதை விகுதியைப் போடுபவர் அல்ல.

தமிழ் மரபு இதைக் கேட்க ஒரு கருவி வைத்திருக்கிறது. அகப்பாட்டைப் படிக்கும்போது நாம் முதலில் கேட்பது என்ன உணர்ச்சி என்பதை அல்ல. யார் கூற்று, யாரிடம், யார் கேட்க என்பதைத்தான். தலைவன் வேலிக்கு அப்பால் நிற்க, அவன் காதில் விழும்படி தோழி தலைவியிடம் பேசுவதற்குச் சிறைப்புறம் என்று பெயரே உண்டு. லைன் வீட்டில் இது தினசரி வழக்கு. "உங்கம்மாகிட்ட சொல்லு, ராத்திரிக்கு எனக்குச் சோறு வேணாம்னு" என்று அப்பா என்னிடம் சொல்லும்போது அம்மா நான்கடி தூரத்தில் இருப்பார். "உங்கப்பாவைக் கேளு, மாத்திரைய யாரு முழுங்குவாங்கன்னு" என்று பதில் வரும். பக்கத்து வீட்டு அக்காவிடம் அம்மா வாசலில் நின்று, "இந்த மனுசன் வாயத் தொறந்து சொன்னாத்தானே" என்பது உள்ளே படுத்திருப்பவர் கேட்கத்தான். இரண்டு நாற்காலி அறையில் இவை எதற்கும் இடமில்லை. தோழியை வெளியேற்றிவிட்டுத் தலைவன் தலைவியின் உறவை அளக்கப் புறப்பட்டது ஆய்வு.

வசையும் அப்படியே. "தின்னு தொலைங்க அந்த மாத்திரைய" என்பதை எந்தக் கட்டத்தில் போடுவது, தண்டிப்பதிலா, பரிவிலா? நியாயமாகச் சொன்னால் இதைக் கண்டுகொண்டவர்களும் துறையில் உண்டு. நியூட்டன்-ஜானும் வில்லியம்ஸும் 2006ல், கடுமையோடு கலந்த பரிவு என்று தனி வகை ஒன்றையே பிரித்தார்கள். என் கணிப்பில் அரை நூற்றாண்டு வகைப்பாட்டில் ஒரு தமிழ் வீட்டுக்கு மிக நெருங்கி வந்தது அந்த ஒரு வரிதான். ஆனால் அதையும் கலப்பு என்றார்கள், இரண்டு தூய பொருள்கள் சேர்ந்ததுபோல. வசையாகவே வரும் பரிவுக்கு நம் பேச்சில் கலப்பு என்ற உணர்வே கிடையாது.

சொல்லகராதியையும் பார்த்துவிடலாம். மெல்சாக் 1975ல் வெளியிட்ட மெக்கில் வினாப்பட்டியல் வலிக்கு 78 சொற்களை 20 தொகுதிகளில் அடுக்கியது. ஆங்கில வலிச்சொற்களின் உழைப்புமிக்க கணக்கெடுப்பு அது. உணர்ச்சிச் சொற்களையும் சேர்த்துக்கொண்டது, ஆனால் தனித் தொகுதிகளாக. நம் வலிச்சொற்கள் அப்படிப் பிரிய மறுக்கின்றன. கால் குடைச்சல் என்கிறோம், அவன் கொடுக்கும் குடைச்சல் என்கிறோம். எரிச்சல், கடுப்பு, உளைச்சல் எல்லாம் உடலுக்கும் மனத்துக்கும் ஒரே சொல்லாகவே புழங்குகின்றன. நோய் என்ற சொல் திருக்குறளின் காமத்துப்பாலில் காதல் துயரையே குறிக்கிறது. ஆகவே தெற்காசியர் உணர்ச்சியைச் சொல்லத் தெரியாமல் உடலின் மேல் ஏற்றிச் சொல்கிறார்கள் என்ற பழைய குற்றச்சாட்டு தமிழில் நிற்காது. இரண்டையும் ஒரே சொல்லில் சொல்லிவிட்டுக் கேட்பவரின் செவியை நம்பும் மொழி இது. அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. நோதல் என்றால் வலித்தல், குறைகூறலும் அதுவே. யாரை நொந்து என்ன பயன் என்கிறோம். தினமும் "நோவுது" என்று கேட்கும் மனைவிக்கு அது என்றைக்கு முறையீடு, என்றைக்குக் குற்றச்சாட்டு என்று தெரியாமல் போகும் நாள் வரும்.

இதுவரை வழக்கின் பக்கம் நின்று வாதிட்டேன். இனி அதை எடைபோட வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளை அழகாக்கிக் காட்டுவது திறனாய்வு ஆகாது. "சூடு போதுமாங்க" என்பதை நான் பல ஆண்டுகள் பேரழகான பதில் என்று நினைத்திருந்தேன். சொல்லில் மறுத்து, கையில் ஒப்புக்கொண்ட பதில். இப்போது அப்படி நினைக்கவில்லை. பாதி பதில் அது. அப்பா கேட்ட கேள்வி தரையில் விழுந்தது, யாரும் எடுக்கவில்லை. என் நினைவில் அவர் அதை மறுபடி கேட்டதில்லை. ஒத்தடம் வலியைக் கேட்டது. வலிப்பவரின் பயத்தைக் கேட்கவில்லை. சிறைப்புறப் பேச்சு சோறு, மாத்திரை, தூக்கம் வரை போகும். நான் உனக்குப் பாரமா என்ற கேள்வியை அதால் சுமக்க முடியாது. அந்தக் கேள்விக்கு நேர்முகம் வேண்டும். இரண்டாம் கட்சி சொல்வது இந்த இடத்தில் சரி, முழுச் சரி. உணர்ச்சிக்குப் பெயர் வைக்காமலே ஒரு வீடு நெடுநாள் வாழலாம், ஆனால் சில உணர்ச்சிகள் பெயர் வைக்கப்படும்வரை ஆறுவதில்லை.

இன்னும் கடுமையான குறை ஒன்றுண்டு, அதில் வழக்கும் ஆய்வும் கூட்டுக் குற்றவாளிகள். இரண்டிலும் வலி ஒருவருக்குத்தான். மற்றவர் மறுவினை செய்பவர். ஃபோர்டைஸில் துணைவர் பரிசு தரும் கை, கானோவில் ஏற்றுக் கேட்கும் செவி, லைன் வீட்டில் உப்பு வறுக்கும் மனைவி. அவர் முழங்கால்? தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற வரிசை, குந்தி உட்கார்ந்து ஊதிய அடுப்பு, எந்த இழப்பீட்டு ஏட்டிலும் ஏறாதவை. துணைவரின் துயரையும் அளக்கும் ஆய்வுகள் பின்னாளில் வந்தன. ஆனால் அவருடைய சொந்த வலி பெரும்பாலும் பின்னணித் தகவலாகவே நின்றது. தங்கவயல் திரையில் வந்தபோதும் இந்த வீடு வரவில்லை. 2018ல் வந்த கன்னடப் படமும் 2024ல் வந்த "தங்கலான்" படமும் தத்தம் வழியில் உடலுழைப்பின் பிரம்மாண்டத்தைக் காட்டின. இரண்டாவது படத்தில் அந்த உழைப்பின் வரலாற்றுக் கோபமும் இருந்தது, அது பெரிய சாதனை. வேலை முடிந்த உடலோடு ஒரு பெண் எப்படி இரவைக் கழித்தாள் என்பது இனிமேல் எடுக்கப்பட வேண்டிய படம்.

2001 பிப்ரவரி 28ல் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு கேள்வியே மாறிவிட்டது. மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு விடியுமுன் ரயில் ஏறி இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களில் பெண்கள் ஏராளம். வலியோடு வீட்டில் இருப்பவர் ஆண், சம்பாதித்துவிட்டு முழங்கால் வீங்கித் திரும்புபவர் பெண் என்ற வீடுகள் உருவாயின. எட்டரை மணி ஒத்தடத்துக்கு நேரமில்லை. தைலத்தைத் தானே எடுத்துத் தேய்த்துக்கொள்ள வேண்டியதுதான். இரு கட்சியும் சொல்லாமல் எடுத்துக்கொண்ட முன்கூற்று இங்கே வெளிப்படுகிறது: தம்பதிக்குச் சேர்ந்திருக்க நேரம் இருக்கிறது என்பது. நேரமில்லாத வீட்டுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது, அரிசி இல்லாத வீட்டுக்குச் சமையல் குறிப்பு கொடுப்பதுபோல.

தீர்ப்பைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஃபோர்டைஸின் கோட்பாடு, சொல்லைச் சாட்சியமாக மதிக்காததால், தம்பதியின் உணர்ச்சிப் பேச்சுக்கு வழிகாட்டும் தகுதியை இழக்கிறது. அவருடைய நேரவிதி மட்டும் எஞ்சுகிறது, அதுவும் அவர் தந்த காரணத்துக்காக அல்ல, அது வலியுள்ளவரைக் கெஞ்சலிலிருந்து விடுவிப்பதால். மூன்று கட்டப் பட்டியல் தன் காலத்துக்குப் பயன்பட்டது. அதை மொழிபெயர்த்துத் தமிழ்த் தம்பதிகளிடம் கொடுப்பவர் வசையைத் தண்டனை என்று எண்ணி முடிப்பார். கானோ, வில்லியம்ஸ் வழியே மேலானது. உணர்ச்சியை ஏற்றுக் கேட்பது பணிவிடையிலிருந்து வேறானது என்ற அதன் பிரிப்பு தங்கவயலிலும் நிற்கிறது, என் வீட்டிலும் நின்றது. ஆனால் அது நிற்க இரண்டு திருத்தம் வேண்டும். யார் கூற்று, யாரிடம், யார் கேட்க என்று குறிக்காத எந்தக் குறிப்பும் இங்கே செல்லாது. கையும் விகுதியும் வாசற்படியும் கணக்கில் வர வேண்டும். அடுத்து, ஏற்பு இருபுறமும் ஓட வேண்டும். ஒரு பேச்சு நல்ல பேச்சா என்பதற்கு வலியுள்ளவரின் முகம் தெளிந்ததா என்பது மட்டும் போதாது, கேட்டவர் தம்முடையதைச் சொல்ல இடம் கிடைத்ததா என்பதும் அளவு.

என் உரைகல்லில் இன்னும் ஒரு கீறல் பாக்கி. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா இப்போது தன் முழங்காலுக்குத் தானே உப்பு வறுத்துக்கொள்கிறார். போன முறை ஊருக்குப் போனபோது மூட்டையை நான் வாங்கிக்கொண்டேன். "இன்னா பண்ணுது?" என்றேன். "ஒண்ணும் பண்ணல" என்றார். சற்றுப் பொறுத்து, அந்த இரவைப் பற்றிக் கேட்டேன். அப்பா கேட்டது நினைவிருக்கிறதா என்று.

"இருக்குது."

மூட்டையை ஒரு சுற்று நகர்த்தினேன்.

"வெறுப்பு இருந்துச்சு. தினமும் இல்ல. இருந்துச்சு. அன்னிக்கிச் சொல்லியிருந்தா தூங்கியிருக்க மாட்டாரு. காலையில ஷிஃப்டு." பிறகு முழங்காலைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டு சொன்னார்: "இன்னொரு வாட்டி கேட்டிருக்கலாம் அவரு."